எட்டுத் தந்திகளும் ஒரு சிறு கூடமும்

நாஷ்வில் நகரத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் பெரிய மண்டபங்களைக் காணவே செல்வர். 1892 ஆம் ஆண்டில் வழிபாட்டுக் கூடமாகத் திறக்கப்பட்டு, 1943 முதல் 1974 வரை ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்னும் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சிக்கு இருப்பிடமாக விளங்கிய றைமன் மண்டபம் அங்கேதான் இருக்கிறது. அதன் நீண்ட மரவாங்குகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். நாங்களும் அதன் வாயிலில் நின்று புகைப்படம் ஒன்று எடுத்துக்கொண்டோம். ஆயினும், நானும் என் தமையனாரும் ரொறன்ரோவிலிருந்து அத்துணைத் தூரம் பிரயாணஞ் செய்தது அதற்காகவன்று. இருநூறு பேர் சேர்ந்தால் நிரம்பிவிடும் ஒரு சிறு கட்டிடத்தை நாடியே நாங்கள் போனோம்.

அதற்குக் காரணம் அண்ணரின் செவி.

அண்ணருக்கு வயது எழுபத்தாறு. இளமையில் அவர் மண்டலின் வாசித்தவர். இலங்கை வானொலியில் ஒரு படப்பாடல் இரண்டு தடவை ஒலித்துவிட்டால் மூன்றாம் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அது மண்டலினில் எழும். பாடசாலைக் கலைவிழா, ஊர்க்கோயில் வாசல், கலியாண வீட்டுப் பந்தல் என்று அந்த வாத்தியமும் அவரும் போகாத இடமில்லை. பின்னர் கடல் கடந்தார். வாத்தியம் வீட்டுச் சுவரில் தொங்கிற்று. தொழில், குடும்பம், பனிக்காலம் என்று ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது நேரம் உண்டு, செவிப்புலன்தான் இல்லை. முதுமையிற் காது மந்தமாகும்போது முதலிற் கைவிட்டுப் போவன உயர்ந்த சுரங்களே. மண்டலினோ உயர்ந்த குரலையுடைய வாத்தியம். அவர் மிக விரும்பிய ஒலியே அவரை விட்டு முதலில் விலகிற்று.

கனடாவில் ஒரு பெரிய அரங்குக்கு அவரை அழைத்துச் சென்ற அனுபவம் எனக்குண்டு. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். ஒலிபெருக்கிகள் மலைபோல அடுக்கப்பட்டிருந்தன. காதிற் பொருத்திய சிறு கருவிகள் அந்த முழக்கத்தையெல்லாம் பிசைந்து ஒரே இரைச்சலாக்கிக் கொடுத்தன. அவை மனிதரின் பேச்சைக் கேட்பதற்கென்று அமைக்கப்பட்டவை. சங்கீதத்தை அவை அறியா. பாதியில் எழுந்து வெளியே வந்து, வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி, “தம்பி, இனி இது சரிவராது” என்றார். “இது” என்றது அந்த மண்டபத்தையா, சங்கீதத்தையா என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின்னர், பெருக்கமின்றி, ஆறடி தூரத்தில் அமர்ந்து கேட்கக்கூடிய மண்டலின் எங்கே உண்டு என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலே எங்களைப் ‘புளூகிறாஸ்’ என்னும் இசையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவ்விசையைப்பற்றி நம் வாசகரிற் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்புறங்களில் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரின் பிடில் மெட்டுகளும், ஆபிரிக்க மக்களின் வழிவந்த பாஞ்சோவும், கறுப்பினத்தவரின் துயரப் பாடல்களும், தேவாலயக் கீதங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவற்றைப் பில் மொன்றோ என்பவர் 1940களில் ஒரு புது வடிவமாக வார்த்தெடுத்தார். கென்ரக்கி மாநிலத்துக்கு நீலப்புல் நாடு என்ற செல்லப்பெயர் உண்டு. அதனால் அவர் தம் குழுவுக்கு ‘நீலப்புல் பையன்கள்’ எனப் பெயரிட்டார். குழுவின் பெயரே காலப்போக்கில் இசையின் பெயராயிற்று. மண்டலின், பிடில், பாஞ்சோ, கிற்றார், பெரிய பேஸ் வாத்தியம் என்பவையே அதன் அங்கங்கள். மின்சாரம் பூட்டிய வாத்தியங்களும், தோல்வாத்தியமும் மரபிற் கிடையா.

தோல்வாத்தியமின்றித் தாளம் எவ்வாறு நிற்கும் என்று நம்மவர் கேட்பர். நானும் கேட்டேன். விடையை அன்றிரவே கண்ணாற் கண்டேன்.

ஸ்டேஷன் இன் என்னும் அக்கூடம் 1974 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. 1978 முதல் இன்றுள்ள இடத்தில் இயங்குகிறது. அக்காலத்தில் அப்பகுதி புகையிரதப் பாதைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த ஒதுக்குப்புறமாயிருந்ததாம். இன்றோ சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் வானளாவி நிற்கின்றன. அவற்றின் நடுவே, முகப்பிற் கல் பதித்த, மாடியற்ற, பதிந்த கட்டிடமாக இது குந்திக்கொண்டிருக்கிறது. பழைய பெட்டகமொன்றைப் புதுமனையில் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்ததுபோன்ற தோற்றம். இதனை நாற்பது ஆண்டுகள் நடத்திய ஜே. ரி. கிறே என்பவர் 2021 இற் காலமானார். அவருக்குப் பின்னரும் கதவு திறந்தே இருக்கிறது.

உள்ளே தாழ்ந்த கூரை, சுவரெங்கும் பழைய விளம்பரத்தாள்கள், சிறு மேசைகளும் எளிய கதிரைகளும், சோளப்பொரி வாசனை. பெயர்பெற்ற பாடகர் லெஸ்ரர் பிளாற்றின் பிரயாண பஸ்ஸிலிருந்து கழற்றிய ஆசனங்களும் அங்கே உள்ளன என்றார்கள். மேடையோ முழங்கால் உயரங்கூட இல்லை. நேரத்தோடு போய் வரிசையில் நின்றபடியால் முதல் மேசையே கிடைத்தது. அண்ணர் காதிலிருந்த கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையுள் இட்டார். அவை உள்ளே கிடந்து ‘கீச்’சென்று சத்தமிடவே, அயல் மேசைக்காரி சிரித்துவிட்டாள். வெட்கத்துடன் எடுத்து நிறுத்திவிட்டு மீண்டும் இட்டார்.

அன்றிரவு வாசித்தவர்கள் இருவர். இருவர் கையிலும் மண்டலின். வேறு வாத்தியமே இல்லை. இது அரிய கூட்டு. மண்டலினுக்குக் கிற்றார் துணையாவதே வழக்கம். பில் மொன்றோவும் முதலில் தம் தமையன் சார்லியோடு அவ்வாறே வாசித்தார். ஒருவர் கிற்றார், மற்றவர் மண்டலின். அவர்கள் 1936 முதல் 1938 வரை அறுபது பாடல்களை இசைத்தட்டிற் பதித்து, பின்னர் மனங்கசந்து பிரிந்தனர். இரு மண்டலின்கள் தனித்து நின்று பேசும் வழக்கம் பிற்காலத்தது. மைக் மார்ஷலும் கிறிஸ் தீலேயும் 2003 இலும் 2006 இலும் வெளியிட்ட ஒலிப்பதிவுகள், மைக் கொம்ப்ரனும் டேவிட் லோங்கும் 2006 இல் வெளியிட்ட ஒலிப்பதிவு ஆகியவற்றை நான் முன்னரே கேட்டிருந்தேன். ஆனால் கேட்பது வேறு. அருகிலிருந்து காண்பது வேறு.

எங்கள் முன் நின்றவர்களில் ஒருவர் அண்ணரின் வயதை எட்டிக்கொண்டிருந்த முதியவர். மற்றவள் அவரிடம் பயின்ற இளம்பெண். இருவரும் பெரும் புகழுடையவர்களல்லர். வார நாட்களில் வேறு தொழில் செய்பவர்கள் என்று பின்னர் அறிந்தேன். நடுவில் ஒரேயோர் ஒலிவாங்கி. அதற்கும் அவர்களுக்கும் இடையிலான தூரமே அவர்களது ஒலிக்கட்டுப்பாடு. முன்னே ஓர் அடி வைத்தால் ஒலி மிகும். பின்னே வைத்தால் குறையும். முறைவரும்போது முதியவர் தோளைச் சாய்த்து முன்வருவார். அவள் கணமும் தப்பாமற் பின்வாங்குவாள். வானொலியின் ஆரம்ப காலத்தில் எல்லாக் குழுவினரும் இவ்வாறுதான் ஓர் ஒலிவாங்கியைச் சுற்றி நின்றனர். பார்ப்பதற்கு அது ஒரு கும்மியாட்டம்போலவே இருந்தது.

மண்டலின் இத்தாலியிலிருந்து வந்த வாத்தியம். எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு சோடி. சுருதி கூட்டும் முறை வயலினுக்குரியதேதான். ஆனால் வில் இல்லை. வயலின் வில்லாலே ஒரு சுரத்தை வேண்டியமட்டும் நீட்டலாம். மண்டலினில் தந்தியைத் தட்டியதும் ஒலி பிறந்து, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். ஆகவே நீண்ட சுரம் வேண்டுமாயின் சிறு தகட்டினால் மேலுங் கீழுமாக மிக விரைந்து மீட்டவேண்டும். அந்நடுக்கமே நீட்சியாகக் காதுக்குத் தோன்றும். அண்ணர் இதனைத்தான் நன்கு அறிந்திருந்தார். படப்பாடல்களின் சோகமெல்லாம் அந்த நடுக்கத்தில்தானே வந்தது.

அவர் அறியாதது மற்றொன்று. முதியவர் மெட்டை வாசிக்கும்போது அப்பெண் என்ன செய்தாள்? இடக்கையால் நான்கு சோடித் தந்திகளையும் ஒருங்கே பற்றி, வலக்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து, அடித்த கணமே இடக்கையின் பிடியைத் தளர்த்தினாள். ஒலி எழுந்தவுடன் இறந்தது. “சக்” என்ற வெட்டு மட்டும் எஞ்சியது. அதுவும் தாளத்தின் அடியில் விழவில்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே விழுந்தது. இதனை அவர்கள் ‘சொப்’ என்பர். கத்தியால் வெட்டுதல் என்று பொருள். பறையின் வேலையை மண்டலினே செய்கிறது. முதியவர் வாசித்து முடித்ததும் பாத்திரங்கள் மாறின. அவள் மெட்டுக்குப் போக, அவர் வெட்டத் தொடங்கினார். இந்த மாற்றத்தில் ஒரு மயிரிழை இடைவெளியும் தோன்றவில்லை. ஒருவர் கையிலிருந்த பாரத்தை மற்றவர் வாங்கிக்கொள்வது போலிருந்தது.

நான் அண்ணரைப் பார்த்தேன். அவருடைய உள்ளங்கை மேசைமேற் பரவிக் கிடந்தது. கண்களோ முதியவரின் வலக்கை மணிக்கட்டை விட்டு அகலவில்லை.

“கேட்குதோ?” என்றேன்.

“மேல் தந்தி கேட்கேல்லை. அவர் விரல் வைக்கிற இடத்தைப் பார்த்து நான் சேர்த்துக்கொள்ளுறன். ஆனால் அந்த வெட்டு… அது நெஞ்சிலை கேட்குதடா.”

சிறு கூடத்தின் பெருமையை எனக்கு உணர்த்த இதனினும் மேலான விளக்கம் வேறில்லை. பெரிய அரங்கில் மணிக்கட்டைக் காண முடியாது. திரையிற் பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஆனால் அப்படம் ஒலிக்குச் சற்றுப் பிந்தியே வரும்போலத் தோன்றும். இங்கோ விரலும் ஒலியும் ஒருங்கே வந்தன. இல்லாத சுரத்தைக் கண் கொடுத்தது. மேசைப்பலகை தாளத்தைக் கொடுத்தது. எஞ்சியதை ஐம்பது ஆண்டுப் பழக்கம் இட்டு நிரப்பியது.

இடைவேளைக்கு முன்னர் அவர்கள் மொன்றோவின் ‘யெருசலேம் மேடு’ என்ற உருப்படியை எடுத்தார்கள். அதற்குச் சொற்கள் இல்லை. துயரச்சாயை படிந்த அம்மெட்டு, ஏறுகிறதும் திரும்புகிறதுமாகக் காட்டுப்பாதைபோற் செல்கிறது. அந்த மேடு மொன்றோ பிறந்து வளர்ந்த இடத்தின் பெயர் என்று முதியவர் இரண்டு வாக்கியங்களிற் கூறினார். இடைவேளையில் எங்கள் மேசைக்கு வந்து, “நாளை வெள்ளிக்கிழமை, நாங்கள் றொசீனுக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்” என்று அழைத்தார். அண்ணர் அதனைக் கேட்கவில்லை. நான் சொன்னதும், கதிரையை விட்டு எழுந்து அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

மறுநாட் காலை, புறப்படுமுன், நகரத்திலுள்ள கன்ரி மியூசிக் அரும்பொருட்சாலைக்குச் சென்றோம். 2005 முதல் மொன்றோவின் மண்டலின் அங்கே இருக்கிறது. கிப்சன் கம்பெனியில் லோய்ட் லோர் என்ற நிபுணரின் மேற்பார்வையிற் செய்யப்பட்டு, 1923 ஜூலை 9 ஆந் திகதியிட்டு அவர் கையொப்பமிட்ட வாத்தியம் அது. வயலினைப்போல மேற்பலகையைச் செதுக்கி, வயலினுக்குரிய துளைகளையே வெட்டி, முன்னையிலும் பன்மடங்கு கணீரென்ற குரலை அவர் கொடுத்தார். ஆனால் அக்காலத்தில் அதனை வாங்குவார் அதிகம் இருக்கவில்லை. 1924 இல் அவரும் கம்பெனியை விட்டு நீங்கினார். இருபது ஆண்டுகளின் பின்னர், புளொறிடாவில் மயாமி நகரத்து நாவிதர் கடையொன்றில் விற்பனைக்கிருந்த அதனை நூற்றைம்பது டொலருக்கு மொன்றோ வாங்கினார். இன்று அதே கையொப்பமுள்ள வாத்தியங்கள் ஓர் இலட்சம் டொலருக்கும் மேற் போகின்றன.

மொன்றோ பிடிவாதக்காரர். ஒருமுறை திருத்தத்துக்குக் கொடுத்த வாத்தியம் தம் மனம்போலத் திரும்பி வராததனால், அதன் தலைப்பகுதியிலிருந்த கம்பெனிப் பெயரைப் பேனாக்கத்தியாற் சுரண்டியே எடுத்துவிட்டார். பல்லாண்டுகளின் பின்னர் 1980 இலேயே அந்தப் பிணக்குத் தீர்ந்தது. அதைவிடக் கொடிய சம்பவம் 1985 இல் நேர்ந்தது. வீட்டினுட் புகுந்த ஒருவர், கணப்பிலே தீக்கிளறும் இரும்புக்கோலால் அந்த மண்டலினை அடித்து நொருக்கிவிட்டார். தரையிற் சிதறிய சிம்புகளையெல்லாம் கூட்டியள்ளிக் கம்பெனிக்கு அனுப்பினர். சார்லி டெறிங்ரன் என்ற கைவினைஞர் நகத்தளவான துண்டுகளையும் விடாமல் ஒட்டிச் சேர்த்து, 1986 இன் தொடக்கத்தில் அதனை மீண்டும் பாடவைத்தார். மொன்றோ இறக்கும்வரை அதையே வாசித்தார்.

இந்த வரலாற்றைக் கண்ணாடிப் பேழைக்கு அருகில் நின்று அண்ணரின் காதுக்குள் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் எனக்கு வேறொன்று சொல்லவேண்டியதாயிற்று. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் நாங்கள் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தபோது, சுவரில் தொங்கிய மண்டலினை அம்மா எடுக்கச் சொன்னார். என் ஒரு கையில் அம்மா. மறு கையில் அரிசியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பை. நான் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது சுவரே இல்லை. இதனை முப்பது ஆண்டுகளாக அவரிடம் நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அண்ணர் பேழையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அதின்ரை கழுத்து எப்பவோ வளைஞ்சு போச்சு. தந்தியை இளக்காமல் தொங்கவிட்டால் அப்பிடித்தான். நீ தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் பிரயோசனமில்லை.”

பிறகு, அரிசி எத்தனை கொத்து இருந்தது என்று கேட்டார்.

நாஷ்விலிலிருந்து வடக்கே கென்ரக்கி மாநிலத்து றொசீன் கிராமத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பிரயாணம். பெருந்தெருவை விட்டு இறங்கியதும் காட்சி மாறுகிறது. புல் மூடிய மேடுகள், இடையிடையே மரக்கூட்டங்கள், கருநிறம் பூசிய உயர்ந்த மரக்கொட்டில்கள். அவை புகையிலை உலர்த்துவதற்கானவை என்று அறிந்ததும் அண்ணர் வண்டியை நிறுத்தச் சொன்னார். எங்கள் தந்தையார் புகையிலைச் செய்கைக்காரர். கொட்டிலின் பலகை இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, “அதே மணம்” என்றார். எனக்கென்னவோ பழம்பலகை மணந்தான் வந்தது.

றொசீன் ஒரு சிற்றூர். ஒரு கடை, சில வீடுகள், ஒரு சேமக்காலை. அச்சேமக்காலையில் மற்றக் கற்களுக்கு மேலாக உயர்ந்து நிற்கும் தூணின் கீழ் பில் மொன்றோ அடக்கஞ் செய்யப்பட்டிருக்கிறார். 1911 செப்டெம்பர் 13 இல் இவ்வூரிற் பிறந்து, 1996 செப்டெம்பர் 9 இல் இறந்தவர். ஊருக்கு வெளியே யெருசலேம் மேட்டில் அவர் வளர்ந்த மரவீட்டை 2001 இற் புதுப்பித்திருக்கிறார்கள். சிறிய அறைகள், அகன்ற விறாந்தை, சுற்றிலும் காடு. முந்திய இரவு கேட்ட மெட்டு இந்த மேட்டின் பாதையைத்தான் வரைந்திருந்தது என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் கேட்டபின் பார்ப்பவனுக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

எட்டுப் பிள்ளைகளில் மொன்றோ கடைக்குட்டி. ஒரு கண் மாறுகண்ணாயிருந்தபடியாற் பார்வை மங்கல். பிள்ளைகளின் பரிகாசம் வேறு. அந்நியர் வீட்டுக்கு வந்தாற் கொட்டிலுள் ஓடி ஒளிந்துகொள்வாராம். இசைக்க ஆசைப்பட்டபோது பேர்ச் என்னும் தமையன் பிடிலை எடுத்துக்கொண்டார். சார்லி கிற்றாரை எடுத்துக்கொண்டார். எவரும் விரும்பாத மண்டலின் கடைக்குட்டிக்கு வந்தது. அதிலும் சத்தம் அதிகமாகாதிருக்க நான்கு தந்திகளைக் கழற்றிவிட்டு வாசி என்றார்களாம். பத்து வயதில் தாயையும், பதினாறு வயதில் தந்தையையும் இழந்தார். தமையன்மார் வேலை தேடி வெளியூர் போய்விட, தனித்த சிறுவனைத் தாய்மாமன் பென் வந்திவர் ஆதரித்தார். கோவேறு கழுதையிலிருந்து விழுந்து ஊனமுற்ற மனிதர். ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். சிறுவன் அவருக்குப் பின்னாலமர்ந்து தாளங்கொடுத்தான். 1950 இல் அந்த மாமனைப்பற்றி அவர் பதித்த பாடலைப் பாடாத புளூகிறாஸ் குழு அருமை. ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் அதே சுற்றுவட்டாரத்திற் சுரங்கத் தொழில் செய்து, நடனங்களுக்கு வாசித்தவர். அவரிடமிருந்து கற்றதை மொன்றோ இறுதிவரை மறக்காமற் சொல்லிவந்தார். ஷுல்ட்ஸ் 1931 இல் இறந்தார். அவருடைய வாசிப்பில் ஒரு துளியும் இசைத்தட்டிற் பதியவில்லை.

நான்கு தந்திகளைக் கழற்றிய கதையைக் கேட்டபோது எனக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வந்தார். 1969 இல் ஆந்திரத்தில் தோன்றி 2014 இல் அகாலத்தில் மறைந்த அம்மேதை, கர்நாடக இசையின் கமகங்களுக்கு இணைத்தந்திகள் இடையூறு என்று கண்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின்மண்டலினை அமைத்துக்கொண்டார். ஒருவருக்கு அடக்குமுறையாய் வந்த குறைப்பு, மற்றவருக்கு விடுதலையாய் வாய்த்தது. அண்ணரிடம் இதனைச் சொன்னேன். “எட்டுத் தந்தியிலையும் அவன் வாசிச்சிருப்பான்” என்று முடித்துவிட்டார்.

மாலையில் கடையருகேயுள்ள கொட்டிலுக்கு மக்கள் வரத் தொடங்கினர். வெள்ளிக்கிழமை தோறும் இங்கே இசைக்கூட்டம் கூடுகிறது. கமக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கைக்குழந்தையுடன் ஒரு தாய், பாதியுறக்கத்தில் ஒரு கிழவர் எனப் பழங்கதிரைகளிலும் வாங்குகளிலும் அமர்ந்தனர். கட்டணமில்லை, மனமுள்ளவர்கள் ஏதேனும் இடலாம். மேடைக் குழுக்களின் தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. ஒரு பிடிற்காரர் சுருதி சேராமலே மூன்று உருப்படி வாசித்தார்; சபையோ அவருக்கும் குறைவின்றிக் கைதட்டியது. நம் ஊர்ச் சபைகளுக்கு இத்துணைப் பொறுமை உண்டோ என்பது சந்தேகந்தான்.

எங்கள் முதியவரும் அப்பெண்ணும் மேடையில் நான்கு உருப்படிகள் வாசித்துவிட்டு இறங்கினர். ஆனால் உண்மையான கச்சேரி கொட்டிலுக்கு வெளியே நடந்தது. விளக்குக் கம்பத்தின் கீழ், வாத்தியம் கொண்டுவந்தவர்களெல்லாம் வட்டமாக நின்றார்கள். ஒலிவாங்கி இல்லை, சபையும் இல்லை. முறைப்படி ஒவ்வொருவரும் மெட்டை ஒரு சுற்று வாசிக்க, மற்றவர்கள் தாளங்கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவர் தலையசைத்துத் தம் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். அதனை எவரும் குறைவாகக் கருதுவதில்லை.

வட்டத்தின் விளிம்பில் நின்ற அண்ணரிடம் முதியவர் தம் மண்டலினை நீட்டினார். அண்ணர் இரண்டடி பின்வாங்கினார். நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. முதியவரும் வற்புறுத்தவில்லை, நீட்டிய கையை மடக்கவுமில்லை. வாத்தியம் அவர்களிருவருக்கும் நடுவே சிறிது நேரம் நின்றது. பின்னர் அண்ணர் வாங்கிக்கொண்டார்.

முதலில் அவர் விரல்கள் பழைய வழக்கப்படி மேல் தந்தியைத்தான் நாடின. மெல்ல ஒரு மெட்டைத் தடவிப் பார்த்தார். அது எந்தப் பாடலென்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது கேட்கவில்லை. முகத்தைக் கண்டு அதனை அறிந்தேன். கையை எடுத்துவிட்டார். அப்போது அப்பெண் அருகில் வந்து, பேசாமலே அவருடைய இடக்கை விரல் மூன்றையும் தூக்கி மூன்று இடங்களில் வைத்தாள். தன் வாத்தியத்தில் ஒருமுறை வெட்டிக் காட்டினாள். அவர் வெட்டினார், ஒலி இறக்காமல் நீண்டது. அவள் தலையை அசைத்துவிட்டு, பிடியைத் தளர்த்துவதைக் காட்டினாள். மறுமுறை “சக்” என்றது.

வட்டம் அடுத்த மெட்டை எடுத்தது. ஆரம்பத்தில் அண்ணர் தாளத்தின் மேலேயே வெட்டினார். நம்மவர் கைக்கு அதுதான் இயல்பு. பெண் தன் காலைத் தரையில் தட்டி, கால் மேலே எழும்போது வெட்டும்படி கண்ணாற் சொன்னாள். நான்காம் சுற்றில் அவர் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எப்போதும் மெட்டையே வாசித்து, மற்றவர்களைத் தமக்குத் தாளம் போடவைத்த மனிதர், இப்போது ஒரு பதினான்கு வயதுப் பையனின் பிடிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். முறை தம்மிடம் வந்தபோதெல்லாம் தலையை அசைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். மூன்று மெட்டுகள் அப்படியே நடந்தன. கை வலித்திருக்கவேண்டும், வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாலாவதின் நடுவில்தான் கொடுத்தார்.

திரும்பும்போது இருட்டு. தெருவிளக்கில்லாத பாதை. வண்டியில் ஏறியதும் அண்ணர் காதுக்கருவிகளைப் பொருத்திக்கொண்டார். வழிகாட்டிக் கருவியின் பெண்குரல் ஏதோ சொல்லிற்று.

“என்னவாம்?” என்றார்.

“இடப்பக்கம் திரும்பட்டாம்.”

சிறிது தூரம் சென்றதும் வண்டியினுள்ளிருந்த சின்ன விளக்கைப் போட்டு, இடக்கையை விரித்து எனக்கு முன்னே பிடித்தார். பாதையை மறைக்கவேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று விரல் நுனிகளிலும் இணைத்தந்திகள் பதிந்த கோடுகள், இரண்டிரண்டாக, சிவந்து கிடந்தன.